மாப்பிள்ளை கலக்கிய தண்ணீர்

1

எங்கள் ஊர்க்காரர்கள் ஆண்டுக்கொரு மலர் போடுகிறார்கள். வெளியூரில் குடியேறியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று இந்த முறை எனக்கும் செய்தி வந்தது. கனடாவில் இருப்பவர் பனியைப் பற்றி எழுதுகிறாராம். துபாயில் இருப்பவர் வெயிலைப் பற்றி. நான் இருப்பது பெங்களூரில், பொம்மனஹள்ளியில். குடியாத்தத்தில் காலை டிபனை முடித்துக்கொண்டு ரயில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வந்துவிடலாம். இதைப் போய் எந்த வாயால் புலம்பெயர்வு என்று சொல்வது?

என் மனைவி கலைவாணியிடம் கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணக் கூப்ட்டு தமிழ்ல நாலு வரி எழுதச் சொல்லுங்க. எழுதிட்டா நாம இன்னும் ஊர்லதான் இருக்கோம். எழுதலன்னா வெளிநாடு," என்றாள்.

எங்கள் மகள் யாழினி ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் கன்னடம், இந்தி, ஆங்கிலம். தமிழ் வாயோடு சரி. எழுதச் சொன்னால் தன் பெயரை எழுதுவாள், அதிலும் பாதியில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். ஆகவே நானும் எழுதத் தகுதி உள்ளவன்தான்.

பனியும் வெயிலும் என்னிடம் இல்லை. என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை ஊராரிடம் சொல்லிவிட்டால் மனது கொஞ்சம் லேசாகும்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தப்பு புரியாது.

ஹெப்பகோடிப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பாலிமர் கரைசல்களை இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. பாலிமர் என்றால் மிக நீளமான மூலக்கூறு. தண்ணீரில் போட்டால் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். பிடித்து இழுத்தால் சுருள் பிரிந்து நீண்டு, அறுந்துபோக மாட்டேன் என்று எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு எவ்வளவு என்பதை நான் அளக்கிறேன்.

கருவி பெரிய மாயமொன்றும் இல்லை. சட்டைப் பித்தான் அளவில் இரண்டு தட்டுகள். நடுவில் ஒரு சொட்டு வைப்போம். மேல்தட்டு வெடுக்கென்று மேலே போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் நிற்கும். அந்த நூல் மெலிந்து மெலிந்து அறுவதைக் கேமரா படம் பிடிக்கும். வெறும் தண்ணீர் என்றால் நூலே நிற்காது, கண்ணிமைப்பதற்குள் அறுந்துவிடும். நல்ல பாலிமர் கரைசல் மயிரிழையாக மெலிந்த பிறகும் விடாமல் தொங்கும். எவ்வளவு நேரம் தாங்கியது, எப்படி மெலிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். பயிருக்கு அடிக்கும் மருந்து காற்றில் பறக்காமல் இலையில் போய் விழ வேண்டும் என்றால் இந்தக் கணக்கு வேண்டும். பெயின்ட்டுக்கும் ஷாம்புவுக்கும்கூட வேண்டும்.

கெட்டியாக இருப்பது வேறு, இழுபடுவது வேறு. கெட்டித் தயிர் கரண்டியிலிருந்து தொப்பென்று விழும். வெண்டைக்காய் ஊறின தண்ணீர் கெட்டியே இல்லை, ஆனால் விரலை எடுத்தால் கூடவே நூல் வரும். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கலைவாணிக்கு ஆசையாக விளக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"பாகு காச்சும்போது ரெண்டு விரல்ல தொட்டு இழுத்து கம்பிப் பதம் பாக்கறோமே, அதானே? இதுக்கு ஒரு மிஷினு, ஒரு ஏசி ரூமு," என்றாள்.

 

3

மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியாத்தத்தில் சொந்த வீடு. மாமியார் தவறிய பிறகும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு நிமிர்ந்துதான் நடந்துகொண்டிருந்தார். ஒரே மகள் கலைவாணி. எத்தனை முறை கூப்பிட்டாலும் மூன்று நாளுக்கு மேல் எங்கள் வீட்டில் தங்க மாட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் நான்காம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மரியாதை போய்விடும் என்பது அவர் கட்சி.

போன வருடம் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். தொண்டைதான் திரும்பவில்லை. விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எங்களோடு வந்தார், ஒரே ஒரு பையோடு.

மாமா என்னிடம் காட்டும் மரியாதை இருக்கிறதே, அது எனக்குப் பழகவே பழகாது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். பக்கவாதத்துக்குப் பிறகும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பார். இந்த ஒரு வருடத்தில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை "உக்காருங்க மாமா" என்பதாகத்தான் இருக்கும். குறை என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் பார்த்த வீடு நல்ல வீடு, நான் வாங்கின வண்டி நல்ல வண்டி, நான் கூட்டிப்போன ஓட்டல் நல்ல ஓட்டல். அந்த ஓட்டல் சாம்பாரை யாழினி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, மாமா கிண்ணத்தை வழித்துவிட்டு "ருசியா இருந்திச்சி மாப்ள" என்றார்.

அவர் வந்த இரண்டாம் மாதம் பென்ஷனுக்காக உயிர்ச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று வருடம் ஒருமுறை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும் அல்லவா. எங்கள் தெருமுனை சேவை மையத்தில் கட்டை விரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. அங்கிருந்த பெண், "இன்னொந்து சாரி ஒத்தி, தாத்தா," என்றாள். மாமா என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் அழுத்தச் சொல்கிறாள் என்றேன். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தும் அவர் உயிரோடு இருப்பதாக மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை.

"அத்தன வருசம் டிக்கெட் கிழிச்ச விரலு மாப்ள. ரேகையெல்லாம் பஸ்ஸுலயே போயிடுச்சி," என்றார்.

கடைசியில் முகத்தைக் காட்டும் முறைக்கு மாறினோம். கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும். மாமாவோ போட்டோ என்றதும் விறைப்பாகக் கண்ணை அகல விழித்துக்கொண்டார். "தாத்தா, ப்ளிங்க் மாடு," என்றாள் யாழினி. கன்னடத்தில் மாடு என்றால் செய். அவருக்கு அது எந்த மொழியென்றே தெரியவில்லை. அவள் அவர் எதிரே போய் நின்று தானே பட்பட்டென்று சிமிட்டிக் காட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே சிமிட்டினார். உயிர் உறுதியானது.

விழுங்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வருவார். ஹாசன் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. முதல் நாள் ஒரு வாய் கொடுத்துவிட்டு, "நுங்கி தாத்தா, நுங்கி," என்றார். கன்னடத்தில் விழுங்குங்கள் என்று அர்த்தம். மாமா வாயில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த மாசத்தில் நுங்கு எங்கே கிடைக்கும் என்பது போல என்னைப் பார்த்தார். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் தாத்தா பக்கத்தில்தான் உட்காருவாள்.

4

தண்ணீர் மாதிரி நீர்த்த பொருள் அவருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டை மூடிக்கொள்வதற்குள் சர்ரென்று இறங்கி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அப்படிப் போய் நெஞ்சில் சளி கட்டி ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தும் ஆகிவிட்டது. அதனால் தண்ணீர், காப்பி, ரசம் எதுவானாலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கலந்தால் ஒன்றாகச் சேர்ந்து, சிதறாமல், மெதுவாக இறங்கும். அண்ணாந்து குடிக்கவே கூடாது. ஸ்பூனால்தான்.

வாழ்நாள் முழுக்க டம்ளரில் உதடு படாமல் தூக்கிக் குடித்த மனிதர் அவர். வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி டம்ளருக்குள் விடுவது அவருக்கு அருவருப்பாக இருந்தது. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கழுவித் தரச் சொன்னார். "உங்க எச்சிதானே, நீங்கதானே குடிக்கிறீங்க, பரவால்லப்பா," என்று கலைவாணி சமாதானம் சொன்னாள்.

பொடி கலக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சிதறாமல் சேர்ந்து இறங்க வேண்டும் என்றால் அது இழுவை சம்பந்தப்பட்ட விஷயம். என் பாடம். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நானே அளந்து, நானே கட்டியில்லாமல் கலக்கி வைப்பேன். முதல் வாரமே ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப்போய்க் கருவியில் வைத்துப் பார்த்தேன். நூல் அருமையாக நின்றது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "நல்லது மாப்ள," என்றார் மாமா.

ஆனால் அவர் குடிக்கவில்லை. பாதி டம்ளர் வரை ஒழுங்காகப் போகும். அதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒவ்வொரு வாய்க்கும் அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு ஸ்பூனை வைத்துவிட்டு, "போதும் மாப்ள," என்பார். நாக்கு வறண்டு கிடக்கும், உதடு வெடித்திருக்கும், இருந்தாலும் போதும்தான். வற்புறுத்தினால் இன்னும் இரண்டு வாய் எடுப்பார். உடனே புரையேறும். கண்ணில் நீர் வழிய இருமுவார். அந்த இருமலைக் கேட்டால் யாழினிக்குப் பயம். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு இருமல் இல்லாத நாளிலும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது எடை குறைந்திருந்தது. உடம்பில் நீர்ச்சத்து போதவில்லை. ஒரு மாதம் பார்ப்போம், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.  வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார்.

"குழாய் வெச்சிட்டா ஊருக்குப் போவ முடியாதில்ல மாப்ள?"

 குழாயோடு அவர் ஊருக்குப் போக மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெருவில் அத்தனை பேர் பார்க்கும்படி நடக்கிற ஆள் இல்லை அவர். குழாய் என்றால் அவருக்கு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். கலைவாணிக்கும் அது தெரியும். சமையலறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நான் பயந்தால் கோபப்படுகிற ஜாதி. இரண்டு நாள் கழித்து, பாதி டம்ளரில் அவர் ஸ்பூனை வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, இது அளந்து கலந்தது. நானே மெஷின்ல வெச்சிப் பாத்துட்டேன். தண்ணியில ஒரு குறையும் இல்ல. நீங்க மனசு வெச்சாத்தான் உண்டு. இல்லன்னா குழாய்தான், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

இப்படி ஒரு வார்த்தையை நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் உடனே ஸ்பூனை எடுத்தார். அடுத்தடுத்து மூன்று வாய் குடித்தார். மூன்றாவது வாயில் புரையேறி முகம் கறுத்துப்போகும் அளவுக்கு இருமினார். கலைவாணி ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்து, "தப்பு என்னுதுதான் மாப்ள," என்றார்.

கலைவாணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாததைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் குடைந்தது.

5

மூன்றாம் நாள் காலை. வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. மாமா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் பாதி டம்ளர் தாண்டி, எனக்காகவே இன்னொரு வாய் எடுக்க ஸ்பூனைத் தூக்கினார். ஸ்பூன் சாய்ந்து கொஞ்சம் சிந்தியது. சொட்டுச் சொட்டாக, டப் டப்பென்று மேஜையில் விழுந்தது.

நான் பார்த்தேன். கலக்கினபோது அது ஸ்பூனிலிருந்து நாடா மாதிரி வழிந்தது. இப்போது சொட்டுகிறது. பத்தொன்பது வருடமாக நாளெல்லாம் நான் பார்க்கிற காட்சி அதுதான், நூல் நிற்கிறதா சொட்டாக உடைகிறதா என்பது. அதைச் சம்பளத்துக்கு உன்னிப்பாகப் பார்த்தவன் வீட்டில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. ஸ்பூனை யார் பார்த்தார்கள், நான் மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பிடிவாதம் பிடிக்கிறாரா என்று.

சட்டென்று டம்ளரைப் பிடித்து நிறுத்தினேன். மாமா பயந்துவிட்டார்.

"குடிச்சிட்றேன் மாப்ள, குடிச்சிட்றேன்," என்றார்.

 "வேணாம் மாமா. குடிக்க வேணாம்," என்று மட்டும் சொன்னேன். அவர் மிச்சம் வைத்ததைக் கழுவி வைத்திருந்த ஊறுகாய் பாட்டில் ஒன்றில் ஊற்றினேன். காப்பி வேளைக்கென்று அதே நேரத்தில் கலக்கி மூடி வைத்திருந்த இன்னொரு டம்ளர் தண்ணீர் யார் கையும் படாமல் இருந்தது. அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். டிபன் பையில் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு பாட்டில்களோடு ஓசூர் ரோடு நெரிசலில் போய்ச் சேர்ந்தேன்.

கருவி அறையில் என்னோடு வேலை பார்ப்பவர் மஞ்சுநாத். ஆனேக்கல்காரர். என்னிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவது ஒரு தனி மொழி.

"ஏன் சார் இது? மேல ஊறுகாய்னு போட்டிருக்குது. யாரு சார் கஸ்டமரு?"

"என் மாமனார்."

மஞ்சுநாத் முகம் மாறியது. வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டுகளை இரண்டு முறை துடைத்தார். முதலில் யாரும் தொடாத தண்ணீர். தட்டு மேலே போனது, நூல் திடமாக நின்று, நிதானமாக மெலிந்தது. அடுத்து மாமாவின் மிச்சம். தட்டு மேலே போனது. திரையில் ஒன்றுமே இல்லை. மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு.

"நீரு சார். பரீ நீரு," என்றார் மஞ்சுநாத்.

மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் வெறும் தண்ணீர்தான். அப்போதுதான் எனக்கு ஸ்பூன் ஞாபகம் வந்தது. நல்ல மாதிரியில் கொஞ்சம் தனியாக எடுத்து, என் எச்சிலை ஒரு துளி விட்டுக் கலக்கி வைத்தோம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதுவும் அறுந்துபோயிருந்தது.

அந்தப் பொடி மாவுச்சத்து. வாயில் ஊறும் எச்சில் மாவுச்சத்தைச் செரிக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனோடு எச்சில் டம்ளருக்குள் போயிருக்கிறது. ஆரோக்கியமானவர்கள் மடமடவென்று குடித்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. மாமா கால் மணி, அரை மணி எடுத்துக்கொண்டார். அதற்குள் நீளமான மூலக்கூறெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. மேல் பாதி அவருக்கு மருந்து, கீழ்ப் பாதி விஷம். நானோ யாரும் வாய் வைக்காத தண்ணீரை அளந்துவிட்டு அதில் குறையில்லை என்று சத்தியம் செய்தேன். எங்கள் தொழிலில் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், யாரும் தொட்டிருக்கக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் என்னைவிட்டுப் போகவில்லை.

மஞ்சுநாத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா சாக்குன்னா சாக்குதான் சார். நீங்கதான் ஜபர்தஸ்தி பண்ணிருக்கீங்க," என்றார். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். மாமா போதும் என்று சொன்ன இடம் ஒவ்வொரு நாளும் சரியான இடம்.

கலைவாணிக்குப் போன் செய்தேன்.

"எச்சிக் கரண்டியக் கஞ்சியில போட்டா நீத்துப்போவும்னு எங்கம்மா திட்டுவாங்களே. இதுகூடவா தெரியாது உங்களுக்கு?" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"தெரிஞ்சவ ஏன் சொல்லல?"

"நீங்கதான் மெஷின்ல வெச்சிப் பாத்துட்டேன்னு சொன்னீங்களே."

6

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டபோது, பிசின் வகைப் பொடி ஒன்று இருக்கிறது, அது எச்சிலுக்கு நீர்க்காது, தாராளமாக மாற்றலாம் என்றார். அன்றே வாங்கிக்கொண்டு, நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா எழப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நானும் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"மாமா, தப்பு உங்களுதில்ல. என்னுது. நான் கலக்கின தண்ணிதான் பாதியில நீத்துப்போயிருக்கு. அதான் உங்களுக்குப் புரையேறியிருக்கு."



"தெரியும் மாப்ள," என்றார்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்தே. பாதிக்கு அப்பால தண்ணியா ஓடும். அதான் போதும்னுடுவேன்."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"வேலைக்குப் போற அவசரத்துலயும் நின்னு நின்னு கலக்கித் தர்றீங்க. அதுல போயி கொற சொல்லுவாங்களா? பொண்ணு குடுத்த எடம் மாப்ள இது."

எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. மூக்கில் குழாய் ஏற்றிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறார், ஊருக்கே போகாமல் இருக்கத் தயாராக இருந்திருக்கிறார், மாப்பிள்ளை கலக்கிய தண்ணீர் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் தயாராக இல்லை. நான் போட்ட சத்தத்துக்கும் "தப்பு என்னுது" என்றார். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் கை, வழவழவென்று இருந்தது.

"இனிமே நீங்க கொற சொல்லணும் மாமா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வேற எந்த மெஷினும் எனக்குச் சொல்லாது."

"அது எப்டி மாப்ள..." என்று இழுத்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

புதுப் பொடியில் அன்று மாலை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு இருமல்கூட இல்லை. கடைசி ஸ்பூனையும் நான் மேஜைக்கு மேல் சாய்த்துப் பார்த்தேன், நாடாவாகத்தான் வழிந்தது. பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் கலைவாணி என்னைப் பார்த்தாள். அடுத்த மாதம் எடை கொஞ்சம் ஏறியிருந்தது. இப்போதைக்குக் குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். மாமா அந்தச் செய்தியை ஊரில் மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

யாழினி அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. சாத்தின கதவு பல வாரம் சாத்தியே இருந்தது. பிறகு ஒரு நாள் கிரிக்கெட் பார்க்க வந்தவள், தாத்தா பக்கத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டு முடித்தாள். அவள் கன்னடம் கலந்து கேட்கிறாள், அவர் குடியாத்தம் தமிழில் பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் பாதிதான் புரிகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் தமிழ் எழுதுவாளா என்ற கவலையை நான் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

நேற்று அவர் வந்து ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானே காப்பி போட்டு, பொடி கலந்து கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய் குடித்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.  டம்ளரைப் பார்த்தேன், அவர் தொண்டையைப் பார்த்தேன். இருமவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா, என்ன பண்ணுது?"

"காப்பி நல்லா இல்ல."

சமையலறையில் கலைவாணி தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"டிகாஷன் கம்மி. சக்கர ஜாஸ்தி," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சூடும் பத்தல," என்றார். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று யோசிப்பது போல டம்ளரையே பார்த்தார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கலைவாணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

"ரெண்டே நிமிசம் மாமா," என்று குரல் கொடுத்தேன்.

"சீக்கிரம்," என்றார்.